கால் டாலர் பந்தயங்கள்: தெற்குக் கலிஃபோர்னியாவின் பழைய பி.எம்.எக்ஸ். களம்

கேள்வி இதுதான்: 1970களில் பி.எம்.எக்ஸ். (பைசைக்கிள் மோட்டோகிராஸ், அதாவது மண் ஓடுதளத்தில் மேடுகளைத் தாவி ஓட்டும்) சைக்கிள் பந்தயம் ஓட்டியவர்கள், இன்று ஐம்பது அறுபது வயதைக் கடந்த பிறகும், அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது ஏன் இவ்வளவு நெகிழ்கிறார்கள்? சிறுவர்கள் மண்மேட்டில் சைக்கிள் ஓட்டியதில் நினைவில் வைத்துக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது? தெற்குக் கலிஃபோர்னியாவில் பதினெட்டு ஆண்டுகள் வசித்தவன், அங்கே பழைய பி.எம்.எக்ஸ். சைக்கிள்களைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பதிலேயே விடுமுறை நாட்களைச் செலவிட்டவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பந்தயத்தில் ஓடியவர்கள் வேறு யாரோ அமைத்துவைத்த விளையாட்டில் போய்ச் சேர்ந்தவர்கள் அல்லர். ஓடுதளம், வண்டி, விதி, பரிசு, பத்திரிகை என அனைத்தையும் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அக்கம்பக்கத்தாருமே தங்கள் கையால் உண்டாக்கினார்கள். அவர்களுடைய நெகிழ்ச்சிக்குக் காரணம் அதுதான் என்பது என் கருத்து. அதை நிகழ்ச்சிகளின் வழியாகவே விளக்குகிறேன்.

1963இல் ஷ்வின் என்ற அமெரிக்கச் சைக்கிள் நிறுவனம் ஸ்டிங்ரே என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆல் ஃபிரிட்ஸ் என்பவர் வடிவமைத்த அந்த வண்டிக்கு 20 அங்குலச் சக்கரங்களும், மான்கொம்பு போல் உயர்ந்து வளைந்த ஹேண்டில்பாரும், வாழைப்பழ வடிவில் நீண்ட இருக்கையும் இருந்தன. தெருவில் சுற்றுவதற்காகச் செய்யப்பட்ட வண்டிதான் அது. ஆனால் சக்கரம் சிறியதாக இருந்ததால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் எடுத்தது, குறுகிய வளைவிலும் ஓட்டுபவன் நினைத்த பக்கம் திரும்பியது. இதே காலத்தில், 1966 முதல், ஐரோப்பாவின் மோட்டோகிராஸ் வீரர்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்து மேடுபள்ளங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்த சிறுவர்களுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கும் வசதியும் இல்லை, வயதும் இல்லை. வீட்டில் ஸ்டிங்ரே இருந்தது. மட்கார்டைக் கழற்றிவிட்டு, வாயாலேயே எஞ்சின் சத்தம் எழுப்பிக்கொண்டு, கட்டடம் எழாத காலி மனைகளில் ஓட்டினார்கள்.

1969 ஜூலை 10 அன்று மேற்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள பாம்ஸ் பூங்காவில் ஸ்டிங்ரே வைத்திருந்த சில பையன்கள் தங்களுக்குள் பந்தயம் நடத்த விரும்பினார்கள். பூங்காவில் வேலை பார்த்த ரொனால்ட் மேக்லர் என்ற இளைஞர் அவர்களுக்கு உதவினார். அவரும் பதின்வயதைத் தாண்டாதவர், ஆனால் மோட்டோகிராஸ் ஓட்டிய அனுபவம் உள்ளவர். இந்த விளையாட்டின் பிறந்தநாளாகப் பலரும் ஏற்றுக்கொள்வது அந்த நாளைத்தான். 1973 வாக்கில் அங்கே வியாழக்கிழமை மாலைகளில் பத்து வாரம் தொடர்ந்து நடக்கும் பந்தயத் தொடருக்குக் கட்டணம் நாலரை டாலர். அதில் ஒரு டாலர் ஆண்டுக் காப்பீட்டுக்குப் போனது. பத்து வார முடிவில் முதல் மூவருக்குக் கோப்பை கொடுத்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமையே புதிய தொடரைத் தொடங்கிவிடுவார்கள். 1980களிலும் அந்த ஓடுதளம் பெரிய மாற்றமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் தொடக்கத் தடுப்புப் பலகை வந்துவிட்ட பிறகும் பாம்ஸ் பூங்காவில் அது வரவே இல்லை.

1970 நவம்பர் 14 அன்று லாங் பீச் நகரில் இன்னொரு தொடக்கம் நிகழ்ந்தது. ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற பதின்மூன்று வயதுப் பையன் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஏற்கெனவே கோப்பைகள் வென்றிருந்தான். ஏழாவது தெருவும் பெல்ஃபிளவர் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு காலி நிலம் இருந்தது; அங்கே அவன் பயிற்சி செய்யும்போது தெருப் பையன்கள் சைக்கிளோடு வந்து அவனைப் போலவே ஓட்டிப் பார்ப்பார்கள். அதைக் கண்ட அவன் ஒரு பந்தயத்தை அறிவித்து, தலைக்குக் கால் டாலர் வசூலித்தான். முதல் நாள் முப்பத்தைந்து பேர் வந்தார்கள்; அடுத்த வாரம் நூற்றைம்பது பேர். பரிசாகக் கொடுப்பதற்குப் பணம் இல்லாததால், மோட்டார் சைக்கிளில் தான் வென்ற கோப்பைகளையே எடுத்துக் கொடுத்தான். அந்த நிலத்தில் வீடற்ற நாடோடிகள் தங்கியிருந்ததால் அந்த இடத்துக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் பம்ஸ் (BUMS), ஆங்கிலத்தில் நாடோடிகள் என்று பொருள். அந்த எழுத்துகளுக்கே விரிவு கண்டுபிடித்து ‘பைசைக்கிள் யுனைடெட் மோட்டோகிராஸ் சொசைட்டி’ என்று தன் அமைப்புக்குப் பெயரிட்டுக்கொண்டான். பதின்மூன்று வயதில் ஓர் அமைப்பு, அதற்கு ஒரு விதித்தொகுப்பு, புள்ளிக் கணக்கு, வயதுப் பிரிவு என அவன் செய்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த இரண்டு இடங்களில் எது முதல் என்று பழைய ஓட்டுநர்கள் இன்றும் வாதாடுவார்கள். முதல் பந்தயம் பாம்ஸ் பூங்காவில்தான் நடந்தது. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பூங்காவின் மாலைப் பொழுதுபோக்காக இருந்ததை, வேறு ஊர்க்காரர்களும் எடுத்துச்சென்று நடத்தக்கூடிய விளையாட்டாக மாற்றியது லாங் பீச்தான் என்று நான் கருதுகிறேன். 1971இல் புரூஸ் பிரவுன் எடுத்த மோட்டார் சைக்கிள் ஆவணப்படமான ‘ஆன் எனி சண்டே’, சிறுவர்கள் சைக்கிளில் மோட்டோகிராஸ் விளையாடும் காட்சியோடு தொடங்கியது. நாட்டின் மறுகோடியில் அதைப் பார்த்த பையன்களும் மறுநாளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 1974இல் யமஹா நிறுவனத்தின் ஆதரவோடு பிரைட்ஹாப்ட் நடத்திய தங்கக் கோப்பைத் தொடரில் மூன்று தகுதிச் சுற்றுகள் வெவ்வேறு தளங்களில் நடந்தன; இறுதிப் போட்டி லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் விளையாட்டரங்கிலேயே நடந்தது. 1932இல் ஒலிம்பிக் நடந்த அரங்கம் அது. கால் டாலர் பந்தயம் அங்கே போய்ச் சேர நான்கே ஆண்டுகள் ஆயின.

இனி வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்தக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது. தெருவுக்காகச் செய்த சைக்கிளை மேட்டிலிருந்து தாவவிட்டால் என்ன ஆகும்? முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்னோக்கி மடங்கும். ஹேண்டில்பார் நழுவும், அல்லது முறியும். ஸ்போக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, ரிம் எட்டு வடிவத்தில் கோணிக்கொள்ளும். நம் சைக்கிள் கடைகளில் கோட்டம் எடுப்பது என்று சொல்வோமே, அந்த வேலையை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் செய்ய வேண்டியிருந்தது. சில சமயம் கோட்டம் எடுக்கச் சக்கரமே மிஞ்சாது. பையன்கள் உடைத்துக்கொண்டு வந்ததை அப்பாக்கள் வீட்டு கராஜில் வைத்து வெல்டிங் செய்தார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் அப்போது விமானத் தொழிற்சாலைகளும், பந்தயக் கார் கட்டும் பட்டறைகளும் நிறைந்திருந்தன. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாயை வெல்டிங் செய்யத் தெரிந்தவர் பல தெருக்களில் இருந்தார். வேறோர் ஊரில் இந்த விளையாட்டு தோன்றியிருந்தால், உடைந்த வண்டியோடு அது முடிந்துபோயிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

கேரி டர்னர் டிராக்ஸ்டர் பந்தயக் கார்களின் சேஸிஸை வெல்டிங் செய்துவந்தவர். தன் மகனுக்காக அதே வகைக் குழாயில் ஒரு சைக்கிள் ஃபிரேமைக் கட்டினார். அதைப் பார்த்த மற்றப் பெற்றோர் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். பின்னர் ரிச்சர்ட் லாங் என்ற சைக்கிள் கடைக்காரரோடு அவர் சேர்ந்தபோது, 1979இல் பிறந்ததுதான் ஜி.டி. நிறுவனம். லின் காஸ்டன் தன் ரெட்லைன் பட்டறையில் 1974இல் குழாயால் ஆன ஃபோர்க்கைச் செய்து, மடங்கும் ஃபோர்க்குகளின் காலத்தை முடித்துவைத்தார். கார் பந்தயத் துறையிலிருந்து வந்த ஸ்கிப் ஹெஸ், மகனும் அவனுடைய நண்பர்களும் ஸ்போக் சக்கரங்களை உடைத்துத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, கார் சக்கரத்தைப் போல ஒரே வார்ப்பாக மோட்டோமேக் என்ற சைக்கிள் சக்கரத்தை உருவாக்கினார். சிமி வேலியில் அவர் நடத்திய தொழிற்கூடத்திலிருந்துதான் மாங்கூஸ் சைக்கிளும் வந்தது. ஸ்கைவே நிறுவனம் நைலானில் டஃப் வீல் செய்தது. கோட்டம் என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை, கனம்தான் கொஞ்சம் அதிகம். இவை எவையும் சந்தை ஆய்வு செய்து உருவாக்கப்பட்ட பொருட்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை உடைந்ததற்குத் திங்கட்கிழமை தேடிய தீர்வுகள் அவை. நான் புதுப்பித்த ஒரு பழைய ஃபிரேமில், தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் யாரோ ஒருவர் சிறிய முக்கோணத் தகடு ஒன்றைப் பிற்பாடு வைத்து ஒட்டவைத்திருந்தார். அந்த வெல்டிங்கில் தேர்ச்சி இல்லை, அக்கறை தெரிந்தது. நான் அதை அரத்தால் அராவிச் சீராக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

பிரைட்ஹாப்டும் 1977இல் எஸ்.இ. ரேசிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பெர்ரி கிராமர் என்ற ஓட்டுநரின் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி வந்த பி.கே. ரிப்பர் அலுமினியத்தால் ஆனது. அழுத்தி நீள்வட்டமாக்கிய அதன் குழாய்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் இன்று மிகவும் விரும்பித் தேடுகிறவற்றில் அதுவும் ஒன்று. ஓட்டுகிற பையனுடைய பெயரே வண்டிக்குப் பெயரானதை மற்றப் பையன்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவன் வானத்திலிருந்து வந்த நட்சத்திரம் அல்லன். போன வாரம் தங்களோடு அதே வளைவில் தோள் உரசியவன்.

பந்தய நாள் எப்படி இருந்தது என்பதை, என் பக்கத்து வீட்டில் இருந்த ஒருவர் எனக்குப் பல மாலைகளில் சொல்லியிருக்கிறார். அவர் பன்னிரண்டு வயதினருக்கான எக்ஸ்பர்ட் (தேர்ந்த ஓட்டுநர்) பிரிவில் ஓடியவர். காலையில் வந்ததும் பதிவு மேசைக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பையனுடைய அம்மாவாக இருப்பார். வயதும் தரமும் பார்த்துப் பிரித்து, யார் எந்த ஓட்டத்தில், எந்த வரிசையில் என்று எழுதிய தாள்களை ஒரு பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டியதும் நூற்றுக்கணக்கான பையன்கள் அந்தப் பலகையை மொய்த்துக்கொள்வார்கள். தன் பெயருக்குப் பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்த கணத்திலேயே பலருக்கு வயிறு கலங்கிவிடும் என்பார் அவர். தண்ணீர் லாரி வரும் தளங்களில் மண் இறுகிக் கிடக்கும். வராத தளங்களில், இரண்டாவது ஓட்டத்திலிருந்தே முன்னால் போகிறவனின் முதுகு புழுதியில் மறைந்துவிடும்.

ஆரம்ப ஆண்டுகளில் கொடியை ஆட்டியோ, கயிற்றை விட்டோ பந்தயத்தைத் தொடங்கினார்கள். பிறகு மரத்தடுப்பு வந்தது. எட்டுப் பேர் வரிசையாக முன்சக்கரத்தை அதில் சாய்த்து, இரண்டு கால்களையும் பெடலில் ஊன்றி, உடம்பை அசையாமல் நிறுத்தி நிற்பார்கள். தடுப்பு விழுந்த நொடியில் பாய வேண்டும். ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், முதல் வளைவுக்கு முதலில் போய்ச் சேர்பவனுக்கே பாதி வெற்றி. அந்த வளைவில் மண்ணை உயர்த்திச் சரிவாகக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பெர்ம் என்று பெயர். மேல்விளிம்பில் வேகமாக வந்து கீழ்நோக்கி வெட்டி, உள்பக்கமாகப் போகிறவனைக் கடப்பதும், அவன் முழங்கையை நீட்டித் தடுப்பதும் அங்கேதான் நடக்கும். அதைத் தாண்டினால் அலையலையான சிறு மேடுகள், தட்டையான தலை கொண்ட பெரிய மேடு, கடைசி நேர்க்கோடு.

வெற்றியைக் கணக்கிடும் முறை அமைப்புக்கு அமைப்பு வேறுபட்டது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டுநரின் மனநிலையையே அது தீர்மானித்தது. ஜார்ஜ் எஸ்ஸர் 1974இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய என்.பி.எல். (நேஷனல் பைசைக்கிள் லீக்) அமைப்பில், மூன்று தகுதி ஓட்டங்களிலும் பெற்ற இடங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். தொகை குறைவாக இருப்பவன் முன்னேறுவான். ஆகவே விழாமல் சீராக ஓடுவது அங்கே முக்கியம். 1977இல் அரிசோனாவில் உருவான ஏ.பி.ஏ. (அமெரிக்கன் பைசைக்கிள் அசோசியேஷன்) அமைப்பிலோ, ஓர் ஓட்டத்தில் வென்றால் அப்போதே அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். தோற்றவன் மறுபடி முயல வேண்டும். என் பக்கத்து வீட்டுக்காரர் ஏ.பி.ஏ. முறையையே விரும்பினார். முதல் ஓட்டத்தில் விழுந்து முழங்கால் கிழிந்தவனுக்கும் இன்னொரு வாய்ப்பு மிச்சமிருந்தது என்பதே அவர் சொன்ன காரணம். எனக்கு என்.பி.எல். முறையே நியாயமானதாகத் தோன்றுகிறது. ஆனால் பன்னிரண்டு வயதில் இரத்தம் வழிய நின்றவர் அவர், நான் அல்லன்.

பத்திரிகைகளும் இதே வழியில்தான் தோன்றின. 1974இல் எலைன் ஹோல்ட் நடத்திய ‘பைசைக்கிள் மோட்டோகிராஸ் நியூஸ்’ இந்த விளையாட்டுக்கு மட்டுமே என்று வந்த முதல் இதழ். 1976 டிசம்பரில் டாரன்ஸ் நகரிலிருந்து ‘பைசைக்கிள் மோட்டோகிராஸ் ஆக்‌ஷன்’ வரத் தொடங்கியது. அதை நடத்திய பாப் ஆஸ்போர்ன் தீயணைப்புப் பணியில் இருந்தவர், அவருடைய மகள் விண்டி இளம்பருவத்திலேயே அந்த இதழின் புகைப்படக்காரர் ஆனார், மகன் ஆர்.எல். ஓட்டுநர். தரையோடு தரையாகப் படுத்து, தாவும் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்த விண்டி ஆஸ்போர்னின் படங்களைப் பார்த்துத்தான் உலகின் பிற பகுதிச் சிறுவர்கள் பி.எம்.எக்ஸ். என்றால் என்ன என்று தெரிந்துகொண்டார்கள். அந்த இதழுக்குப் படம் வரைந்த பாப் ஹாரோ, ஹேண்டில்பாரில் மாட்டும் எண்பலகைகளைச் செய்து விற்றுத் தொழிலைத் தொடங்கியவர், அவரும் ஆர்.எல். ஆஸ்போர்னும் 1980இல் பந்தய இடைவேளையில் செய்துகாட்டிய வித்தைகள் ஃப்ரீஸ்டைல் என்ற தனிக்கலையாக வளர்ந்தன.

ஓட்டுநர்களில் ஸ்டூ தாம்சனையும் கிரெக் ஹில்லையும் சொல்லாமல் விட முடியாது. தாம்சன் பெரிய உடல்வாகு கொண்டவர். அவர் பெடலை மிதித்தால் வண்டியே இரண்டாகிவிடுமோ என்று தோன்றும். ஹில் உடற்பயிற்சியையும் தொடக்கப் பாய்ச்சலையும் கணக்குப் போட்டுப் பழகியவர். இந்த இருவருக்கும் இடையே நடந்த போட்டியைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. ஆனால் நான் மிகவும் மதிப்பது சேக்ரமெண்டோவைச் சேர்ந்த செரி எலியட்டை. பெண்களுக்கெனப் போதிய இடம் இல்லாத அந்தக் காலத்தில், 1980களின் முற்பகுதியில், சிறுமியாக இருந்தபோதே பையன்களோடும் ஓடி அவர்களைத் தோற்கடித்தவர் அவர். டிங்கர் வாரெஸ் என்ற பையன் பி.எம்.எக்ஸில் கற்றதை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுபோய், 1996, 2000 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளில் அமெரிக்காவுக்காக ஓடினார்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இது பரவியது; ஹாலந்தில் கெரிட் டூஸ் என்பவர் இந்த விளையாட்டை வேரூன்றச் செய்தார். 1981இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அமைந்தது. 1982இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் அதன் முதல் உலகப் போட்டி நடந்தது. அதே ஆண்டு வெளிவந்த ‘ஈ.டி.’ திரைப்படத்தில் சிறுவர்கள் குவஹாரா பி.எம்.எக்ஸ். சைக்கிளில் தப்பிச்செல்லும் காட்சி, பந்தயத்தையே பார்த்திராத வீடுகளிலும் அந்த வண்டியைக் கேட்கவைத்தது. விற்பனை பெருகியது, பெரிய நிறுவனங்கள் நுழைந்தன, 1980களின் நடுவில் சந்தை சரிந்தது. பையன்கள் ஃப்ரீஸ்டைலுக்கும் மலைச் சைக்கிளுக்கும் மாறினார்கள். அதைவிடப் பெரிய இழப்பு நிலம்தான். ஓடுதளங்களில் பல, யாரோ ஒருவருடைய காலி மனையில், அவர் கட்டடம் கட்டும்வரை என்ற வாய்ப்பேச்சு அனுமதியில் நடந்தவை. நில விலை ஏறியதும் அவை வீடுகளாகவும் கடைத்தொகுதிகளாகவும் ஆயின. பழைய ஓட்டுநர் ஒருவரோடு காரில் போனால், ஒரு பல்பொருள் அங்காடியின் வாகன நிறுத்துமிடத்தைக் காட்டி, “முதல் வளைவு இங்கேதான் இருந்தது” என்பார். அவருக்கு அந்தத் தார்த்தரையின் கீழே இன்னும் மண் தெரிகிறது.

பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பல்லாண்டு காலம் எதிரெதிராக நின்ற ஏ.பி.ஏ.வும் என்.பி.எல்.லும் 2011இல் ஒன்றாகி யு.எஸ்.ஏ. பி.எம்.எக்ஸ். என்ற ஒரே அமைப்பாயின. பிரைட்ஹாப்ட் 2015இல் மறைந்தார்; அவருக்கு ‘ஓல்ட் மேன்’ என்று சிறு வயதிலேயே பட்டப்பெயர் இருந்தது, அந்தப் பெயரை வைத்தே எஸ்.இ. ரேசிங் தன் பெரிய சக்கர வண்டிக்கு ஓ.எம். ஃப்ளையர் என்று பெயரிட்டது.

பெரிய சக்கரம் கொண்ட அந்த வகை வண்டியை குரூசர் என்பார்கள். அதற்கென்று இன்றும் வயதுப் பிரிவுகள் உண்டு, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் உண்டு. என் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஐம்பத்து நான்காம் வயதில் மறுபடி பதிவு செய்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். ஓட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் மண்வாரியை எடுத்துக்கொண்டு முதல் வளைவுக்குப் போய், இரவு மழையில் கரைந்திருந்த பெர்மின் விளிம்பை, அங்கிருந்த இரண்டு சிறுவர்களோடு சேர்ந்து தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து பலகையில் தன் பெயரைத் தேடினார்; பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும், “ஐயோ, இவனா!” என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்பர்ட் பிரிவில் அவரைத் தோற்கடித்தவருடைய பெயர் அது.